இதயம் எதைச் செலவழிக்கிறது என்று கண்டவர்

இந்த மாத சுவர் இதழுக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லாரும் சர்.சி.வி.ராமன், மேரி கியூரி, எடிசன் என்று எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். டாக்டருக்குப் படித்தவர்களுக்கு இவர் பெயர் நல்லாத் தெரியும். நமக்குத்தான் அவ்வளவாத் தெரியாது. ஆனால் இவர் கண்டுபிடிச்ச பொருள் இந்த நிமிஷம் நம்ம ஒவ்வொருத்தர் நெஞ்சுக்குள்ளயும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு சார்ட்தான் கொடுத்தார்கள், அதனால் எழுத்து பொடியாக இருக்கும். கிட்ட வந்து நின்னு படிங்க.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அப்போது நம்ம ஊரும் அந்த ஊரும் ஒரே சென்னை மாகாணம். (நம்ம பக்கத்து அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியைத் திறந்ததும் ஒரு ஜனவரி 12-தான், 2022-ல். யாரும் பாத்து வச்ச தேதி இல்லை, தானா அமைஞ்சது.) அப்பா பெயர் ஜகந்நாதம், வருவாய்த் துறையில் வேலை பார்த்தார். அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நாலாவது.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வீட்டில் பணக் கஷ்டம். சுப்பாராவுக்குப் படிப்பிலும் மனசு போகவில்லை. 13 வயதில், அதாவது என்னைவிட ஒரு வயசு கம்மி, காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரிய பணக்காரர் ஆகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா விடுகிற ஆள் இல்லை. பிடித்துக் கூட்டி வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் விட்டார். அதற்கப்புறம் அப்பாவும் இறந்துவிட்டார். அம்மா தன்னுடைய நகைகளை விற்று மகனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். அதுவும் மூன்றாவது தடவை எழுதித்தான். கணக்குல மார்க் குறைஞ்சுதுன்னு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கிற என் பக்கத்து பெஞ்ச் தோழி இந்த வரியை இரண்டு தரம் படிக்கணும்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது சாமியாராகப் போகலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ராமகிருஷ்ணா மிஷனில் சேரப் போனார். அம்மாவின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வெங்கம்மா சம்மதிக்கவில்லை. அப்படியானால் மருத்துவம் படித்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இவர் கதை முழுக்க இந்த அம்மாதான் இரண்டு மூன்று இடத்தில் வண்டியைத் திருப்பி விடுகிறார். 1919-ல் சேஷகிரி என்ற பெண்ணோடு கல்யாணம் ஆனது. படிப்புச் செலவுக்கு மாமனார் உதவினார்.

அது காந்தியடிகள் வெள்ளைக்காரன் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் கதராடைக்கு மாறினார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கே கதர் அங்கியில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சை நன்றாக எழுதியும் கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. ஒரு சட்டைக்காக இவ்வளவு என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தப் போனார்.

இதே சமயத்தில்தான் வீட்டில் பெரிய இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற நோயில் இவருடைய சகோதரர்கள் இருவர் கொஞ்ச நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ வந்தால் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது, ரத்தம் சோகை பிடிக்கும், ஆள் எலும்பும் தோலுமாகிப் போவார். அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. டாக்டர் படிப்பு படித்தவர், தன் கூடப் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அமெரிக்கா போய் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் படிக்கணும் என்ற பிடிவாதம் இதற்கு அப்புறம் இன்னும் அதிகமானது. காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் மாமனாரும் பணம் கொடுத்தார்கள். 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார்.

கிளம்பும்போது சேஷகிரி கர்ப்பமாக இருந்தார். 1923-ல் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயது முடிவதற்குள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அப்பா குழந்தையைப் பார்க்கவே இல்லை. மனைவியையும் அதற்கப்புறம் அவர் பார்க்கவில்லை. 26 வருஷம் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. இவரை எனக்கு எவ்வளவோ பிடிச்சாலும் இந்த ஒரு இடத்தில் எனக்கு மனசு சேஷகிரி அம்மா பக்கம்தான் நிக்குது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் படித்தார். இங்கே வாங்கிய எல்.எம்.எஸ்.ஸை வைத்து அங்கே டாக்டர் வேலை பார்க்க முடியாது. அதனால் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மல மூத்திரப் பாத்திரங்களைக் கழுவி வைக்கிற வேலை. பகலில் படிப்பு, ராத்திரியில் இது.

அந்த மருத்துவமனையைப் பற்றி ஒன்று சொல்லணும். 1923 மே மாதம் அங்கேதான் எலியட் கட்லர் என்ற டாக்டர், 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தின் அடைபட்ட வால்வில் கத்தி வைத்துத் திறந்துவிட்டார். இதய வால்வில் செய்த அறுவை சிகிச்சையில் ஆள் பிழைத்த ஆரம்பகாலச் சம்பவங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் நாலு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தா. அதாவது அந்த நாளில் இதயத்தின் வால்வைத் தொடுகிற அளவுக்கு டாக்டர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஆனால் அந்த இதயம் என்கிற தசை எந்தச் சக்தியில் சுருங்கி விரிகிறது என்று மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க உதவியவர், அதே மருத்துவமனையில் ராத்திரிப் பாத்திரம் கழுவிய இவர்தான்.

ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் ஓட்டோ ஃபோலின் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு வேலை. முதல் வேலை, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நல்ல வழி கண்டுபிடிப்பது. இரண்டு பேரும் சேர்ந்து 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாதிரியோடு சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பேட் அதிகமானால் நீலமும் அதிகமாகும். நிறத்தை அளந்து கணக்குப் போட்டுவிடலாம். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் செய்முறையாகச் செய்கிறார்கள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தசையை எடுத்து இந்த முறையில் அளந்து பார்த்தபோது நீலம் உடனே வரவில்லை. வெறும் பாஸ்பேட் உப்பு என்றால் சட்டென்று வரும் நிறம், தசைச் சாற்றில் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது இருந்தால் கண்ணாடிக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று மறுபடி செய்திருப்பார்கள். இவர்கள், ஏன் மெதுவாக வருகிறது என்று கேட்டார்கள். தசையில் பாஸ்பேட் தனியாக இல்லை, வேறொரு பொருளோடு கை கோத்துக்கொண்டு இருக்கிறது, அந்தப் பிடி மெதுவாக விடுபடுவதால்தான் நிறம் தாமதமாக வருகிறது என்று தெரிந்தது. அந்த வேறொரு பொருள் கிரியேட்டின். இரண்டும் சேர்ந்தது பாஸ்போகிரியேட்டின். வருஷம் 1927. அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் தசையில் இதே பொருளைப் பார்த்திருந்தார்கள். அது இன்னது என்று பிரித்துச் சொன்னவர்கள் ஃபிஸ்க்கும் சுப்பாராவும்.

தசையை வேலை செய்ய வைத்தால் பாஸ்போகிரியேட்டின் குறைந்தது, ஓய்வு கொடுத்தால் மறுபடி ஏறியது. அதுவரை தசைக்குச் சக்தி லாக்டிக் அமிலத்தில் இருந்து வருகிறது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 1922-ஆம் ஆண்டு நோபல் பரிசே அதைச் சுற்றிய ஆராய்ச்சிக்குத்தான் போயிருந்தது. அந்த எண்ணம் ஆடிப்போனது. இரண்டே வருஷத்தில், 1929-ல், தசையில் இருந்து இன்னொரு பொருளையும் இவர்கள் பிரித்து எடுத்தார்கள். அதுதான் ஏ.டி.பி., அடினோசின் ட்ரை பாஸ்பேட். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்றதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் உரக்கடை டி.ஏ.பி. ஞாபகம் வரும். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் போடுற அதே டி.ஏ.பி.தான். இரண்டும் வேற வேற பொருள், ஆனா கடைசியில நிக்கிற பி ஒண்ணுதான், பாஸ்பேட். காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகள்ல கடல் காலத்துப் பாஸ்பேட் உருண்டைக் கற்கள்கூட இருக்கு. செடிக்கும் அது வேணும், இதயத்துக்கும் அது வேணும்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் கோத்திருக்கும். தசை ஒரு தடவை சுருங்கும்போது அதில் ஒன்றைக் கழற்றிச் செலவழிக்கும். மீதி இரண்டு பாஸ்பேட்டோடு ஏ.டி.பி. ஆகிவிடும் என்று எழுதப் போய்விட்டேன், அது ஏ.டி.பி. இல்லை, ஏ.டி.பி.க்கும் கீழே, அடினோசின் டை பாஸ்பேட். இரண்டின் சுருக்கமும் தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் இதை நான் இரட்டைப் பாஸ்பேட் என்றே சொல்லப் போகிறேன். நம் இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ஆனால் இதயத் தசையில் கையிருப்பாக இருக்கும் ஏ.டி.பி. சில விநாடித் துடிப்புக்குத்தான் காணும். அதனால் உண்ட உணவையும் மூச்சுக் காற்றையும் வைத்து அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கணும். இதயத்தின் எடை 300 கிராம் போல இருக்கும். அது ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி.யின் எடை அதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் பாஸ்போகிரியேட்டின் எதற்கு? எங்க அப்பாயி இடுப்பில் சொருகியிருக்கும் சுருக்குப்பை மாதிரி அது. சம்பளம் வர இரண்டு நாள் தாமதமானால் அதில் இருந்துதான் எடுத்துக் கொடுக்கும். பாஸ்போகிரியேட்டின் தன்னிடம் இருக்கும் பாஸ்பேட்டை இரட்டைப் பாஸ்பேட்டுக்குக் கொடுத்து மறுபடி ஏ.டி.பி. ஆக்கிவிடும். இந்தக் கை மாற்றும் வேலையைச் செய்யும் நொதியின் பெயர் கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே.

இந்த இரண்டு எழுத்தால்தான் நான் சுப்பாராவைப் பற்றியே தெரிந்துகொண்டேன். போன வருஷம் மக்காச்சோளம் ஒடிக்கிற சமயத்தில் எங்க தாத்தாவுக்கு நெஞ்சை அழுத்துதுன்னு வியர்த்துக் கொட்டிடுச்சு. 108-க்குப் போன் பண்ணி பெரம்பலூருக்குக் கொண்டு போனாங்க. இ.சி.ஜி. எடுத்தாங்க, ரத்தமும் எடுத்தாங்க. வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சீட்டை நான் படித்துப் பார்த்தேன். ட்ரோபோனின் என்று ஒரு வரி, சி.கே.எம்.பி. என்று ஒரு வரி. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். சி.கே. என்றால் இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய நொதி, அதில் எம்.பி. என்ற வகை இதயத்தில்தான் அதிகம், ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை செத்தால் செல் உடைந்து அது ரத்தத்தில் கலந்துவிடும், அதை அளந்து மாரடைப்பா என்று பார்ப்பார்கள் என்று விளக்கினார்கள். கிரியேட்டின் என்று தேடிப் போனதில் கிடைத்த பெயர்தான் சுப்பாராவ். தாத்தா இப்போ நல்லா இருக்கார். மாத்திரையை மட்டும் மறந்துடுவார், ஞாபகப்படுத்துறது என் வேலை.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதும் இதே கணக்குதான். மூச்சுக் காற்று போய்ச் சேராததால் ஏ.டி.பி. செய்வது குறையும். முதலில் சுருக்குப்பை காலியாகும், பாஸ்போகிரியேட்டின் மளமளவென்று இறங்கும். பிறகு ஏ.டி.பி. இறங்கும். 20 நிமிஷம் போல ஆனால் தசை திரும்பப் பிழைக்க முடியாதபடி சாகத் தொடங்கும். நெஞ்சு வலி என்றால் வாயுவா இருக்கும், சோடா குடிச்சாப் போயிடும்னு உட்கார்ந்திருக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

மாரடைப்பு மட்டும் இல்லை. கத்தி வைக்காமல், பெரிய காந்தக் கருவிக்குள் ஆளைப் படுக்க வைத்து, உயிரோடு துடிக்கும் இதயத்தில் பாஸ்போகிரியேட்டினும் ஏ.டி.பி.யும் என்ன விகிதத்தில் இருக்கிறது என்று இப்போது அளக்க முடிகிறது. இதயம் பலவீனமாகி வீங்கியவர்களை இப்படி அளந்து ஜெர்மனியில் செய்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. சுருக்குப்பை குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். அதே 1997-ல், உடம்பு ஏ.டி.பி.யை எப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக பாயர், வாக்கர் என்ற இருவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1930-ல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது, ஆனால் நிரந்தரப் பேராசிரியர் வேலை கொடுக்கவில்லை. அதே ஆய்வகத்தில் படித்து 1988-ல் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். ஃபிஸ்க் பொறாமையால் சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகளை வெளியே விடவில்லை, மற்றவர்கள் அதைப் பல வருஷம் கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்பது அவர் சொன்னது. சுப்பாராவும் தன் பெயருக்காகச் சண்டை போடுகிற ஆள் இல்லை. இதுவும் ஒரு குறைதான் என்று எனக்குத் தோணுது.

1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் அதன் ஆய்வகம். கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சிக்கே இயக்குநர் ஆனார். அங்கே அவருடைய குழு செய்ததை எல்லாம் எழுத இன்னொரு சார்ட் வேண்டும், அதனால் வேகமாகச் சொல்கிறேன். 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை நமக்குப் பள்ளியில் கொடுக்கிற நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்தோடு சேர்ந்திருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான். (அதைக் குழாயடியில் துப்புகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.) அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தாக அமைந்தது. சகோதரர்கள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஃபோலிக் அமிலத்தை மாதிரியே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அவர் குழு செய்தது. அதில் ஒன்றை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் கொஞ்ச காலமாவது அடங்கியது, அதுவரை அப்படி நடந்ததே இல்லை. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை 1947-ல் வந்தது, அதுவும் இவர்கள் வேலை. 1948-ல் டகர் என்ற வயதான விஞ்ஞானி அதே ஆய்வகத்தில் ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க் கொல்லியைக் கொண்டுவந்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுதான் மூத்தது.

அதே 1948 ஆகஸ்டில், நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் நிறைவதற்குச் சில நாள் முன்னால், 8-ஆம் தேதி சுப்பாராவ் இறந்துபோனார். இரவு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரணம் இதயம் நின்றது. வயது 53. தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டு 21 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சி.கே. அளந்து மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அப்போது வந்திருக்கவில்லை. கல்யாணம் ஆகி மூன்று வருஷம் கூட வாழ்ந்து, 26 வருஷம் காத்திருந்த சேஷகிரிக்குச் செய்திதான் வந்தது, ஆள் வரவில்லை.

1953-ல் ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல், அவர் பிறந்து நூறு வருஷம் ஆனபோது, இந்திய அரசு அவர் முகம் போட்ட தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கிறவங்க யார்கிட்டயாவது அது இருந்தா கொண்டுவாங்க, இந்தச் சார்ட்டின் வலது மூலையில் அதுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்.